பத்து வருடம் கழித்து மீண்டும் பிஎச்பி: ஒரு மரண உதவிச் சங்கத்தின் பெயர்ப் பதிவேடு

பிஎச்பி என்ற, இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியில் நான் ஒரு பதிவேடு எழுதிக்கொடுத்து, அந்த மொழியை வெறுத்து விட்டுப்போய், பிறகு அதிலேயே திரும்ப எழுதிய கதை இது, 2011இல் தொடங்கி 2024 நடுப்பகுதி வரை இழுபட்டது. திருகோணமலை நகரை அண்டிய ஓர் ஊரின் மரண உதவிச் சங்கம், அதன் செயலாளர், பொருளாளர், என்னோடு வேலை செய்யும் ஒரு பிள்ளை, அப்புறம் நான். சங்கத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. உறுப்பினர் பெயர் ஒன்று நடுவில் வரும், அதுவும் மாற்றிய பெயர். நிரல் எழுதுபவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் தமிழ்ப் பெயர்களைக் கணினியில் வைத்திருக்கும் எந்தச் சங்கத்துக்காரரும் எழுத்து பற்றிய பகுதியைப் படித்துப் பார்க்கலாம், அவர்கள் பட்டியலிலும் இதே வியாதி இருக்கக்கூடும்.

## பின்னணி: 2011

இந்தச் சங்கத்தில் அறுநூறு சொச்சம் உறுப்பினர்கள். மாதாமாதம் சிறு சந்தா. ஒரு வீட்டில் மரணம் நடந்தால் அன்றைக்கே ஒரு குறித்த தொகை கையில் கொடுக்கப்படும், பெட்டிக்கும் பந்தலுக்கும் முதல் செலவு அதிலிருந்துதான் போகும். சந்தா ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி என்றால் கொடுக்க மாட்டார்கள். அதனால் செத்த வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்கும் நேரத்தில் பெயரைத் தேடி, பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவேட்டின் முழு வேலையும். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம், அந்த ஒரு தேடல் மட்டும் தவறக் கூடாது.

அப்போது நான் டிப்ளோமா முடித்து ஆறு மாதம். எனக்குக் காசுக்கு வந்த முதல் வேலை இது. பிஎச்பி 5.3, பழைய விண்டோஸ் கணினி, அதில் பிஎச்பியையும் தரவுத்தளத்தையும் ஓட்டும் வாம்ப் என்ற தொகுப்பு. பெயர்கள் எல்லாம் பாமினியில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய எழுத்துருவில், ஏனென்றால் சங்கத்தில் தட்டச்சு தெரிந்த ஒரே ஆளுக்குப் பாமினி விசைதான் கைவந்திருந்தது. ஒரே கோப்புக்குள் ஆயிரத்துச் சொச்சம் வரிகள், பக்கத்தின் வடிவமும் கணக்கும் தரவுத்தளக் கேள்வியும் ஒன்றாகக் கலந்து. இன்றைக்கு வேறு யாராவது அப்படி எழுதிக் கொண்டுவந்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியும்.

## ஏன் வெறுத்தேன்: 2013

இரண்டு சம்பவம்.

முதலாவது சின்னது, ஆனால் எரிச்சல். உவர்மலை என்ற இடத்தை ஆங்கிலத்தில் Orr's Hill என்று எழுதும்போது ஆர் எழுத்துக்கும் எஸ் எழுத்துக்கும் நடுவில் மேலே ஒரு ஒற்றைக் குறி வரும். 5.3இல் ஃபோர்மில் வரும் அந்தக் குறிக்கு முன்னால் பிஎச்பி தானாகவே ஒரு சாய்கோடு போடும், பாதுகாப்புக்காம், 'மேஜிக் கோட்ஸ்' என்று பெயர். நானும் தரவுத்தளத்துக்கு அனுப்பும்போது ஒருமுறை போட்டேன். விளைவு: உவர்மலைக்காரர் ஒருவரின் முகவரியை முதல் தடவை சேமித்தால் ஒரு சாய்கோடு, திருத்திச் சேமித்தால் மூன்று, இன்னொரு தரம் ஏழு, பிறகு பதினைந்து. ஒருவருடைய முகவரி இரண்டு வரிக்குச் சாய்கோடாகவே போயிருந்தது.

இரண்டாவதுதான் என்னை விரட்டியது. உறுப்பினர் எண்கள் 'தி-17' என்கிற மாதிரி எழுத்தில் தொடங்குவன. சந்தா பதியும் பக்கத்தில் எண்ணை நிரப்பாமல் விட்டால் என் நிரலில் எண் 0 என்றே இருந்துவிடும். பிறகு உறுப்பினர் பட்டியலை முதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டும் சமமா என்று கேட்கும் == போட்டு ஒப்பிட்டேன். அன்றைய பிஎச்பியில் 0 == 'தி-17' என்று கேட்டால் ஆம் என்று பதில் வரும், ஏனென்றால் ஒப்பிடும் முன் அது 'தி-17'ஐ எண்ணாக மாற்றப் பார்க்கும், முன்னால் இலக்கம் இல்லாததால் 0 ஆக்கிவிடும். ஆக, எண் நிரப்பாமல் பதிந்த ஒவ்வொரு சந்தாவும் பட்டியலின் முதல் ஆளுக்கே போய்ச் சேர்ந்தது. அகர வரிசையில் முதலில் இருந்தவர் ஒரு வயதான அம்மா. ஒரு பிழைச் செய்தியும் இல்லை, கணக்கின் கூட்டுத்தொகையும் சரி, பெயர்தான் பிழை.

2013 பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழும்பினார். "நான் காசு கட்டிப்போட்டுத்தான் இருக்கிறன், துண்டும் கையில இருக்கு, பாக்கி எண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்?" பின்னால் இன்னும் நாலு பேர். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். எவரும் என்னை ஏசவில்லை, பொருளாளர்தான் எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார், அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்றிரவே இரண்டு சமக்குறியை மூன்றாக்கினேன், மூன்று போட்டால் எதையும் மாற்றாமல் ஒப்பிடும், அது சரியாகிவிட்டது. முறைப்பாடு வந்த ஆட்களின் கணக்கைத் திருத்தினேன். முறைப்பாடு வராதவர்களின் கணக்கைப் பார்க்கவில்லை. இதைப் பின்னால் சொல்கிறேன்.

வருடக் கடைசியில் சங்கம் ஆட்களின் வீட்டிலிருந்தும் பார்க்கக்கூடிய மாதிரி வேண்டும் என்று கேட்டதால், பாமினியை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்ற நானே ஒரு மாற்றி எழுதி, உள்ளூர் ஹோஸ்டிங் ஒன்றில் ஏற்றிவிட்டு, கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டேன். அங்கே பைதான் மொழி, அதில் இணையத்தளம் எழுத உதவும் ஜாங்கோ சட்டகம். யாராவது பிஎச்பி என்று வாயெடுத்தால் 0 == கதையைச் சொல்லிச் சிரிப்பேன். கூட்டத்தில் நின்ற கதையைச் சொல்ல மாட்டேன்.

## நடுவில்: 2014 முதல் 2022 வரை

சங்கத்தின் நிரலை எவரும் தொடவில்லை. ஒன்பது வருடம் அது பாட்டுக்கு ஓடியது. ஹோஸ்டிங்காரர் 5.3இலிருந்து 5.6 வரை ஏற்றியபோதும் ஓடியது. வெறுப்பவன் இதை எங்கேயாவது எழுதி வைத்திருக்க வேண்டும், நான் வைக்கவில்லை.

2020இல் கொரோனாவோடு ஊருக்குத் திரும்பினேன். திருஞானசம்பந்தர் வீதியில் ஒரு கடையின் மேல்மாடியில் அறை எடுத்தேன். 2022இல் டொலர் என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும்: மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்தது மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. டொலரில் சேர்வர் வாடகை கட்டிக்கொண்டிருந்த எனக்கு, வாடிக்கையாளர்களிடம் எப்படிக் கேட்பது என்ற கவலைதான் முழு வருடமும். இது பின்னால் எடுத்த முடிவுக்கு நேரடியாகத் தொடர்புடையது.

அந்த வருடக் கடைசியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படித்து முடித்த ஒரு பிள்ளை என்னோடு சேர்ந்தாள். என்னை அண்ணா என்பாள், ஆனால் பிழையென்றால் பிழையென்று சொல்லிவிடுவாள்.

## கவனித்தது: 2023 மே

ஒரு ஞாயிறு இரவு. உறுப்பினர் ஒருவர் இறந்து மகன் வந்திருக்கிறார். பெயர் யோகேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஜனவரியில்தான் பொறுப்பேற்ற புதிய செயலாளர் அக்கா மடிக்கணினியில் பெயரைத் தட்டித் தேடினார். இல்லை. முதலெழுத்தோடு தேடினார், மற்ற யோ எல்லாம் வந்தது, அந்தப் பெயர் வரவில்லை. அட்டை மகன் கையில் இருந்தும் ஈரத்தில் எண் அழிந்துபோயிருந்தது. கடைசியில் பொருளாளர் ஐயாவின் வீட்டு அலுமாரியிலிருந்த பழைய பேரேட்டைப் புரட்டி, பெயரும் எண்ணும் கண்டுபிடித்து, காசு கொடுத்தபோது இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. மகன் ஒன்றும் சொல்லவில்லையாம். வாசலில் நின்றாராம், அவ்வளவுதான்.

மறுநாள் அக்கா எனக்கு அழைத்தார். "தம்பி, பேர் இருக்கு, நான் கண்ணால பாக்கிறன், ஆனா தேடினா இல்ல எண்டுது."

முந்தைய செயலாளர் ஒன்பது வருடமும் எண்ணைக் கொண்டே தேடியவர். அதனால் இது வெளியே வரவில்லை.

நான் முதலில் சொன்ன பதில்: "அது பிஎச்பி அக்கா, அப்படித்தான்." இந்த வாக்கியத்தை வெட்கத்தோடுதான் பதிகிறேன், ஏனென்றால் பிழை பிஎச்பியில் இல்லை.

பிள்ளை இரண்டு யோகேஸ்வரியையும், அதாவது பதிவேட்டில் உள்ளதையும் அக்கா தட்டியதையும், பைட் பைட்டாக, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகுகளாக, பிரித்துத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். 'யோ' இரண்டிலும் வேறு. தட்டியதில் ய, அதற்குப் பிறகு ஓகாரக் குறி ஒன்றே. பதிவேட்டில் ய, அப்புறம் ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு, அப்புறம் தனியாக ஒரு கால். திரையில் இரண்டும் ஒரே படம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமமானவை என்றுதான் கொள்ள வேண்டும், ஆனால் சாதாரணமாக ஒப்பிடும் நிரலுக்கு அவை இரண்டு வேறு சரங்கள், அதாவது வேறு எழுத்துத் தொடர்கள்.

எங்கிருந்து வந்தது? என் மாற்றியிலிருந்து. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் தட்டுவோம்: முதலில் கொம்பு, பிறகு ய, பிறகு கால். என் மாற்றி கொம்பையும் எழுத்தையும் இடம் மாற்றிவிட்டு, காலை அப்படியே விட்டுவிட்டது. ஒ, ஓ, ஔ வரிசையில் உயிர்மெய் உள்ள பழைய பெயர்கள் எல்லாமே இப்படி. 2013க்குப் பிறகு தட்டியவை மட்டும் நல்லபடி இருந்தன. மற்ற யோ எல்லாம் தேடலில் வந்ததற்குக் காரணம் அதுதான், அவை புதிய உறுப்பினர்கள்.

கிளறக் கிளற இன்னும் இரண்டு வந்தன. தரவுத்தளத்தில் பெயருக்கான பத்தியை நான் 2011இல் 50 இடம் என்று வைத்திருந்தேன், லத்தீன் எழுத்துக்கான அமைப்பில். பாமினிக்கு அது தாராளம். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக இடைவெளியும் புள்ளியும் இல்லாத பெயர் என்றால் 16 குறியோடு 50 முடிந்துவிடும், மிச்சம் 2 பைட்டில் அரைகுறையாக ஒன்று தொங்கும். அன்றைய தரவுத்தள மென்பொருள், மைஎஸ்கியூஎல், சத்தமில்லாமல் வெட்டியது. துண்டு அச்சிடும் இடத்திலும் நான் பெயரை 20 பைட்டில் வெட்டியிருந்தேன், அதனால் பலருடைய பற்றுச்சீட்டில் பெயரின் கடைசியில் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி வந்துகொண்டிருந்தது. அதைச் சந்தா பாக்கி என்பதற்கான அடையாளம் என்று சிலர் வருடக்கணக்கில் நினைத்திருந்தார்கள். ஒருவர் அதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் முன்கூட்டியே கட்டி வந்திருக்கிறார்.

## காலக்கெடு: 2023 ஜூன்

இதைச் சரி செய்வோம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஹோஸ்டிங்காரரின் அறிவித்தல் வந்தது. 5.6ஐ எடுக்கிறோம், யூலை முடிவுக்குப் பிறகு 8.1 அல்லது 8.2 மட்டும். நியாயமான அறிவித்தல்தான், 5.6க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றுவிட்டன. ஆனால் என் நிரல் தரவுத்தளத்தோடு பேசப் பயன்படுத்திய பழைய தொகுதி 7.0இலேயே நீக்கப்பட்டது. 8இல் போட்டால் முதல் வரியிலேயே விழுந்து வெள்ளைப் பக்கம் வரும். போட்டுப் பார்த்தேன், வந்தது.

## எடுத்த முடிவும் காரணமும்

நான் முதலில் எடுத்த முடிவு ஜாங்கோவில் புதிதாக எழுதுவது. யாரையும் கேட்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து அட்டவணைகளும் வரைந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பிள்ளை மூன்று கேள்வி கேட்டாள். எங்கே ஓடும்? சங்கத்தின் ஹோஸ்டிங் ரூபாயில் வருடத்துக்கு ஒருமுறை கட்டுவது, அதில் பிஎச்பிதான் ஓடும். ஜாங்கோவுக்குத் தனி சேர்வர் வேண்டும், மலிவானதே மாதம் 5, 6 டொலர், வருடத்துக்கு ரூபாயில் இருபதாயிரம் அளவில். அந்தக் காசு யாருடையது என்று யோசித்தால், செத்த வீட்டுக்குக் கொடுக்கிற காசு. இரண்டாவது, எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்? செயலாளர் அக்காவின் மகன் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறான், அவனுக்குக் கொஞ்சம் தெரிந்தது பிஎச்பி. மூன்றாவது, ஆறு கிழமைதான் இருக்கிறது.

நான் 0 == கதையைச் சொன்னேன்.

"அண்ணா, நீங்கள் ஏசுற பிஎச்பியை நான் ஒருநாளும் காணேல்ல" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒரு கடதாசி எடுத்து, 2013இல் நான் பிஎச்பியில் எதையெல்லாம் வெறுத்தேனோ அதை நினைவிலிருந்து எழுதினேன். பதினொன்று வந்தது. பின்னேரம் முழுக்க ஒவ்வொன்றையும் 8.2இல் ஓட்டிப் பார்த்தோம். கச்சான் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது, இடையில் கரன்ட்டும் போனது.

முதல் வரி: 0 == 'தி-17'. இல்லை என்றது. 2020 நவம்பரில் வந்த 8.0இலேயே மாற்றியிருக்கிறார்கள். இப்போது எண்ணல்லாத சரத்தோடு ஒப்பிட்டால் எண்ணைத்தான் சரமாக்கிப் பார்க்கும். ஏழு வருடமாக நான் கூட்டங்களில் சொல்லிவந்த கதை, அதற்கு மேல் இரண்டரை வருடமாகப் பொய்யாக இருந்திருக்கிறது.

மேஜிக் கோட்ஸ்: 2012இல் வந்த 5.4இலேயே போய்விட்டது, அதாவது நான் கூட்டத்தில் தலைகுனிந்து நின்றதற்கு ஒரு வருடம் முன்பே. என் கணினியில்தான் 5.3 இருந்தது. பழைய தரவுத்தளத் தொகுதி: போய்விட்டது. எழுத்தை எண்ணோடு பெருக்கினால் பேசாமல் 0 தருவது: இப்போது பிழை எறிகிறது. வரையறுக்காத மாறியைத் தொட்டால் முன்பு காதில் விழாத மாதிரி ஒரு முணுமுணுப்பு, இப்போது எச்சரிக்கை. ஒரு மாறிக்குள் வருவது எண்ணா எழுத்தா என்று வகை குறிக்க முடியாதது: 7.0இலிருந்து படிப்படியாக வந்து, 7.4இல் பொருளின் பண்புகளுக்கும் வந்துவிட்டது. 8.1இல், குறித்த சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் enum வகை கூட. தொகுதிகளைக் கொண்டுவந்து சேர்க்க ஒழுங்கான வழியில்லை என்பது: கம்போசர் 2012இலிருந்தே இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இருந்தது என் பிழை.

ஏழு வெட்டுப்பட்டது. நாலு மிஞ்சியது. எதை முதலில் கொடுப்பது என்று கட்டளைக்குக் கட்டளை மாறும் வரிசை அப்படியே இருக்கிறது: 'இன் அரே'க்குத் தேடும் பொருள் முதலில், 'ஸ்டர்பாஸ்'க்குத் தேடும் இடம் முதலில். இரண்டு சமக்குறி இன்னும் தளர்வுதான், '1000'ஐயும், அதே ஆயிரத்தைச் சுருக்கி எழுதும் '1e3'ஐயும் சரங்களாகவே கொடுத்தாலும் சமம் என்கிறது. ஒவ்வொரு மாறியின் பெயருக்கும் முன்னால் வரும் டொலர் குறி, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பிடிக்காது. நாலாவது, எழுத்துகளைக் கையாளும் விதம்.

அந்த நாலாவது எங்களுக்கு முக்கியம். 'திருகோணமலை' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்: தி, ரு, கோ, ண, ம, லை, ஆறு எழுத்து. பிஎச்பியின் 'ஸ்டர்லென்' 30 என்கிறது, ஏனென்றால் அது பைட்டை எண்ணும். 'எம்பி'யில் தொடங்கும் வகை 10 என்கிறது, அது யூனிகோட் குறிகளை எண்ணும். 'கிராஃபீம்' வகைதான் 6 என்கிறது. என் பழைய மாற்றி எழுதிய திருகோணமலையைக் கொடுத்தால் முதல் இரண்டும் 33, 11 என்று மாறும், மூன்றாவது மட்டும் 6இலேயே நிற்கும். பிஎச்பி 6 என்று ஒன்று வந்திருந்தால் மொழிக்குள்ளேயே யூனிகோட் இருந்திருக்கும், அந்த முயற்சியை 2010இல் கைவிட்டுவிட்டார்கள், அதனால்தான் 5க்குப் பிறகு நேரே 7. இந்த விஷயத்தில் என் வெறுப்பு இன்னும் நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் பைதான் 3 கூட இந்தச் சொல்லுக்கு 10 என்றுதான் சொல்லும், 6 என்று சொல்லாது. அதை நான் பைதான்மீது ஒருநாளும் குற்றமாகச் சொன்னதில்லை.

முடிவு: பிஎச்பி 8.2, பெரிய சட்டகம் எதுவும் வேண்டாம், மூன்று பக்கம்தானே. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் கண்டிப்பான வகை. தரவுத்தளக் கேள்விகள் எல்லாம் முன்தயார் செய்தவை. பெயர் எங்கிருந்து வந்தாலும், சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும், 'நார்மலைசர்' வழியாக ஓகாரத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. ஜாங்கோவுக்கு வரைந்த அட்டவணைகளை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

## வேலை நடந்த விதம்: 2023 ஜூன், யூலை

நிரல் எழுதியது ஒன்பது நாள். தரவைச் சரிசெய்தது மூன்று கிழமை.

பழைய தரவு யூனிகோட் பைட்டுகள், ஆனால் லத்தீன் என்று முத்திரை குத்திய பத்தியில் கிடந்தது. பழைய நிரல் அப்படியே போட்டு அப்படியே எடுத்ததால் திரையில் சரியாகத் தெரிந்தது. புதிய இணைப்பில் எடுத்தால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று விசித்திர எழுத்துகள். நேரடியாக மாற்றச் சொன்னால் அந்த விசித்திரத்தையே உண்மையென்று நம்பி மாற்றிவிடும். பத்தியை முதலில் வெறும் பைட்டுகள் என்று ஆக்கிவிட்டு, பிறகு யூனிகோட் என்று அறிவிக்க வேண்டும். செய்தோம். நடுவில் வெட்டுப்பட்டுக் கிடந்த பெயர்களில் வந்து நின்றுவிட்டது, அரை எழுத்தை அது ஏற்காது. அந்தப் பெயர்களின் வாலைப் பேரேட்டைப் பார்த்துக் கையால் தட்டினோம்.

பேரேடு இருந்த பெட்டியோடு பற்றுச்சீட்டுகளின் அடிக்கட்டைகளும் வந்தன. பூச்சி பிடித்திருந்ததால் வெயிலில் வைப்போம் என்று கீழே கடை வாசலில் வைத்தேன், தேநீர் குடித்துவிட்டு வருகிறேன், கோட்டைப் பக்கத்து மான் ஒன்று பெட்டியின் மூடியை மென்றுகொண்டு நிற்கிறது. மூடியோடு போயிற்று. ஆனால் அந்த அடிக்கட்டைகளைக் கையில் எடுத்த பிறகு, 2013இல் நான் பார்க்காமல் விட்டதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதல் ஆளான அந்த அம்மாவின் கணக்கை அடிக்கட்டைகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். அவர் கட்டாத சந்தா 19 அவர் பெயரில் இருந்தது. பதினொரு பேருடைய காசு. அதில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவருடைய வீட்டுக்கு, நல்ல வேளை, முழுத் தொகையும் கொடுத்திருக்கிறார்கள். மற்றவருடைய வீட்டுக்குப் பாக்கியைக் கழித்துக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள்.

இதைக் குழுவிடம் சொல்வதா, பேசாமல் திருத்துவதா என்று ஓர் இரவு யோசித்தேன். சொன்னேன். கழித்த காசை நான் கட்டுகிறேன் என்றேன். பொருளாளர் ஐயா ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர், கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "பாதி சங்கம் கட்டும் தம்பி, துண்டு எழுதும்போது எண்ணை நிரப்பாமல் விட்டது நாங்கள்தானே."

## மாற்றிய நாளும் பிறகும்

யூலை 22, சனிக்கிழமை காலை புதியதை ஏற்றினோம். சந்தா கட்ட ஆட்கள் வந்து வாங்கில் இருக்கிறார்கள், அக்கா பக்கத்தைத் திறக்கிறார், வெள்ளை. 2013 என் வயிற்றுக்குள் வந்து இறங்கியது. பிழைப் பதிவைப் பார்த்தால், 'நார்மலைசர்' என்றொன்று இல்லை என்கிறது. எங்கள் கணினிகளில் அதற்கான 'இன்டில்' நீட்சி இயல்பாகவே இருந்தது, ஹோஸ்டிங்கில் அணைத்து வைத்திருந்தது. கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு பெட்டியில் சரி போட்டால் வேலை முடிந்தது, ஆனால் எந்தப் பெட்டி என்று கண்டுபிடிக்க நாற்பது நிமிடம். அதுவரை அக்கா கையால் துண்டு எழுதினார்.

அடுத்த கிழமை ஐயா வந்தார். "தம்பி, இந்தப் பட்டியல் யாருடைய அகர வரிசை?" ஜெயந்திகள் சகரத்துக்குப் பின்னால் ஞகரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேரேட்டில் கிரந்த எழுத்துகள் எல்லாம் கடைசிப் பக்கத்தில். உள்ளே பார்த்தால் இன்னும் மோசம், யூனிகோட் அட்டவணையில் ன என்பது ந வுக்கு அடுத்து இருக்கிறது, ற என்பது ர வுக்கு அடுத்து. அந்த எண் வரிசையில் அடுக்கினால் எந்தத் தமிழ் ஆசிரியரும் விடமாட்டார். அதே நீட்சியில் உள்ள 'கொலேட்டர்' தமிழ் என்று சொன்னால் ஒழுங்காக அடுக்கித் தருகிறது, க, ங, ச, ஞ என்று போய் ன வில் முடித்து, ஜ, ஷ, ஸ, ஹ அதற்குப் பிறகு. மூன்று வரி மாற்றம். ஐயா பட்டியலைக் கடைசிவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஓகஸ்ட் பொதுக்கூட்டத்தில் 19 சந்தா விஷயத்தை வாசித்தார்கள். இம்முறை நானே எழுந்து சொன்னேன். ஒருவர் கொஞ்சம் சூடாகக் கதைத்தார், அவருக்கு உரிமை உண்டு. அந்த முதல் பெயர் அம்மாவும் வந்திருந்தார், எண்பது தாண்டிவிட்டது. விஷயத்தை விளங்கிக்கொண்டு கேட்டார்: "அப்ப நான் செத்தா ரெண்டு மடங்கு தருவியளோ?"

2024 நடுப்பகுதி வரை நடந்தது இதுதான். மரண வீட்டுத் தேடல்கள் எதுவும் தவறவில்லை. சங்கம் கேட்ட மூன்று மாற்றங்களில் இரண்டை அக்காவின் மகனே செய்தான், பிள்ளை பார்த்துத் திருத்தினாள். ஹோஸ்டிங்காரர் 8.3க்கு ஏற்றியபோது எதுவும் உடையவில்லை. சேர்வருக்கென்று சங்கம் டொலரில் ஒரு சதமும் கட்டவில்லை.

## இன்னொரு தரம் என்றால்

அக்கா அழைத்த அன்று வாயைத் திறக்கும் முன் அந்த இரண்டு சரங்களின் பைட்டுகளைப் பார்த்திருப்பேன். அரை மணி நேர வேலை. அதற்குப் பதிலாக ஒரு மொழிமீது பழியைப் போட்டு ஒரு கிழமையைக் கழித்தேன்.

பதினொரு வரிக் கடதாசியை ஜாங்கோவைத் திறக்கும் முன்பே எழுதியிருப்பேன். இப்போது வேறு மொழிகளுக்கும் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தப் பதிப்பு, எந்த வருடம் என்று குறித்து. ஜாவாவுக்கான கடதாசியில் உள்ளது பெரும்பாலும் 2010ஆம் ஆண்டு விரிவுரையாளர் ஒருவர்மீது உள்ள கோபம்தான் போலிருக்கிறது.

எழுத்துரு மாற்றியை நானே எழுத மாட்டேன். எழுதினாலும் வெளிவருவதை நார்மலைசரில் போட்டு எடுக்காமல் விட மாட்டேன். ஹோஸ்டிங்கில் என்னென்ன நீட்சி எரிகிறது என்று முதல் நாளே பட்டியல் எடுப்பேன். அகர வரிசை எப்படி வேண்டும் என்று ஐயாவை முன்கூட்டியே கேட்டிருப்பேன், பேரேடு என் மேசையில்தான் கிடந்தது, திறந்து பார்த்திருந்தால் போதும். முறைப்பாடு வந்த கணக்கை மட்டும் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்ததை நான் இருபத்துச் சொச்சம் வயதில் செய்தேன் என்பது காரணமாக இருக்கலாம், சாக்காக வைத்துக்கொள்ள விரும்பவில்லை.

மாற்றாமல் விடுவது ஒன்று: பெரிய வேலை, எங்கள் சேர்வர், எங்கள் ஆட்கள் என்றால் இப்போதும் பைதான்தான் எடுப்பேன். அந்த இரண்டு நாள் ஜாங்கோவும் வீண் என்று சொல்ல மாட்டேன், அட்டவணைகள் அதிலிருந்துதான் வந்தன. ஆனால் இதற்குப் பிறகு வந்த இரண்டு சின்ன வேலைகளை, உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கும் ஒரு ரியூசன் நிலையத்துக்கும், பிஎச்பியில்தான் செய்து கொடுத்தோம், யாரும் என்னை வற்புறுத்தவில்லை. 'இன் அரே'க்கு எது முதலில் என்பது மட்டும் இன்னும் மனதில் நிற்கவில்லை. பிள்ளை ஒரு மஞ்சள் துண்டில் எழுதி என் திரையின் கீழ் விளிம்பில் ஒட்டி வைத்திருக்கிறாள், பசை போய்ப் போய் விழும், அவளே திரும்ப ஒட்டுவாள்.